யோராமின் கை எடை

"ஆட்டைத் தொடாதீங்க, தரகரே. இனிமே தராசு மட்டும்தான் தொடும்."

செச்செலேலா சொன்னதும், நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் யோராம். இத்தனை காலமாக அந்த வட்டாரத்துக்கே தராசு அவருடைய வலது கைதான். ஆட்டின் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி ஓர் எடை சொல்வார். அதற்குமேல் பேச்சில்லை.

இன்று வேலமரக் கிளையில் ஓர் இரும்புத் தராசு தொங்கியது. அதன் பக்கத்தில், முதுகில் துணியால் கைக்குழந்தையைக் கட்டியபடி, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் செச்செலேலா, ஆடு வளர்க்கும் பெண்கள் சங்கத்தின் புதுத் தலைவி. சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு, கூத்துப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"என் கை அவ்வளவு மோசமா, தலைவியம்மா?"

"கை மோசமில்லை. இங்க வாங்கும்போது ஒரு எடை சொல்லுது, டோடோமா டவுன்ல விக்கும்போது வேற எடை சொல்லுது. அதான் குழப்பம்."

பெண்கள் சிரித்தார்கள். யோராமும் சேர்ந்து சிரித்தார். "என்ன பண்றது? என் வண்டியில ஏறின சந்தோஷத்துலயே ஆடு அஞ்சு கிலோ கூடிடுது."

இந்த வம்பெல்லாம் போன மாதம் கால்நடைத் துறை ஆள் வந்து 'மதிப்புச் சங்கிலி' என்று கூட்டம் போட்டதில் ஆரம்பித்தது. ஆடு கட்ட இலவசமாகச் சங்கிலி கொடுக்கப்போகிறார்கள் என்று நம்பி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தவர் யோராம்தான். அந்த ஆள் பலகையில் ஆடு வளர்ப்பவரை ஓர் ஓரத்திலும் கறிக்கடைக்காரரை மறு ஓரத்திலும் வரைந்து, "நடுவில யாரு?" என்று கேட்டார். "நான்தான்!" என்று எழுந்து நின்று கைதட்டல் வேறு வாங்கினார் யோராம். அந்த நடுவைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது தேநீர் குடித்து முடிக்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"இப்ப டோடோமாவில விலையே விழுந்து கிடக்கு, தலைவியம்மா..."

"ரோடு மோசம். டீசல் ஏறிடுச்சு. கறிக்கடைக்காரர் காசை இழுத்தடிக்கிறார். அதானே அடுத்தது?"

அதேதான் அடுத்தது. யோராம், "சரி, எனக்கு ஆடே வேண்டாம்!" என்று விறுவிறுவென்று போய்த் தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

"போகமாட்டாரு, நியெமோ," என்றாள் செச்செலேலா, முதல் ஆட்டைப் பிடித்திருந்தவளிடம். "கியர் போடாம உறுமிக்கிட்டே இருப்பாரு. யாரும் கூப்பிடலைன்னா டயரைப் பார்க்கிற மாதிரி இறங்குவாரு."

யோராம் ஏற்கெனவே இறங்கி டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயர்ல காத்து இருக்கா, தரகரே?" என்று கத்தினாள் நியெமோ.

"டயர்ல இருக்கு. எனக்குத்தான் இறங்கிடுச்சு." திரும்பி நடந்து வந்தவர் தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "எல்லாம் இந்த வாயால வந்த வினை."

முக்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஊர் முன்னாடி மானத்தை வாங்காத. நாளைக்கு ஒரு வண்டி ஆடு தர்றேன்னு கறிக்கடைக்காரர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். வெறும் வண்டியோட போய் நின்னா, அப்புறம் நான் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. கொஞ்சம் இறங்கி வாயேன்."

"'வாங்க'ன்னு சொல்லுங்க. இது சங்கம்."

"இறங்கி வாங்க."

இந்த முறை செச்செலேலா சிரிக்கவில்லை.

"கறிக்கடைக்காரர்கிட்ட நாங்களே பேசிட்டோம். தராசு எடைக்கு விலை. அவருக்கும் சம்மதம். ஆனா கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வேணும். வெயில்ல ஒரு ஆடுகூடச் சாகாம ஓட்டறவர் இந்தப் பக்கம் நீங்க ஒருத்தர்தான். அதை நாங்க எல்லாரும் ஒத்துக்கிறோம். ஆட்டுக்கு இவ்வளவுன்னு கூலி தர்றோம்."

"கூலியா? நேத்து வரைக்கும் நான் முதலாளி!"

"நேத்து வரைக்கும் நீங்க யாருக்கும் கூலி கொடுத்ததில்லை. வாங்கியாவது பாருங்களேன்."

யோராம் தராசைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். ஒருத்தி முகத்திலும் கோபம் இல்லை; அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சரி. ஒரு காலத்துல சங்கிலிக்கு நடுவில இருந்தேன். இப்ப சக்கரமா ஆயிட்டேன். உருண்டுட்டுப் போறேன்."

எடை போட்டு முடித்த நியெமோவின் ஆட்டைத் தராசிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றினார். பழக்க தோஷம், தூக்கும்போது கண் தானாக மூடியது, உதடு பிதுங்கியது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்தில், செச்செலேலாவின் முதுகுத் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை விழித்து வீறிட்டது. அவள் முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை எடுத்து யோராமின் கையில் வைத்தாள்.

"இன்னும் மத்த ஆடெல்லாம் எடை போடணும், உங்க பிள்ளையை நீங்க வெச்சுக்குங்க. ராத்திரி களி தின்னுக்கிட்டே என்கிட்ட அளந்த தரகுப் பெருமையெல்லாம் இனிமே இவன்கிட்ட அளங்க. இவன் இன்னும் சங்கத்துல சேரலை."