மாடத்துத் தீப்பெட்டி

கோவில்பட்டியில் அந்தப் பெயிண்ட் தின்னர் குடோனுக்குள் போகிறவர்கள் தீப்பெட்டியை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டிரம் எல்லாவற்றிலும் தீப்படம் ஒட்டியிருக்கும். ஒரு பொறி விழுந்தால் தெருவே மிஞ்சாது. முதலாளிக்கும் அதுதான் சட்டம்.

அன்று சாயங்காலம் எல்லாரும் அவரவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் மாடத்தில் ஒன்று இருந்தது.

"உள்ள யாரும் இருக்காவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் கணக்குப் பார்க்கும் அஞ்சலின்.

காவலாளி ஆண்ட்ரூஸ் டிரம்களுக்கு இடையில் தேடிவிட்டு வந்தார். "ஒரு ஆளும் இல்லம்மா. பூட்டிருவோம்."

பூட்டினார்கள். அஞ்சலின் சாவியைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். மாடம் காலியாக இருந்தது.

"நீங்க எடுத்தீயளா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

பூட்டிய கதவுக்கு உள்ளே, குச்சி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதுபோல, யாரோ தீப்பெட்டியைக் குலுக்கினார்கள்.