ஆச்சரியம் போதவில்லை

“நிறுத்துங்கடா!” என்று மேசையைத் தட்டினாள் வச்சலா டீச்சர். காலையிலிருந்து ஒத்திகை நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் நடிப்பு வரவில்லை.

“தேசப்பா, முதல்ல நீ தப்பாச் சொல்லணும். கண்ணகி யோசிக்கணும். அப்புறம் எல்லாரும் ஆச்சரியப்படணும். எத்தனை தடவை சொல்றது?”

“தெரிஞ்ச விசயத்துக்கு இன்னாத்துக்கு டீச்சர் ஆச்சரியப்படணும்? பேஜாரா கீது!” என்றான் தேசப்பன்.

“தெரியாத மாதிரி நடிடா!”

மறுபடி ஆரம்பித்தார்கள். கண்ணகி யோசிக்காமலே பதிலைச் சொல்லித் தொலைத்தாள். வச்சலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வேலை நிரந்தரமாவது நாளைய நிகழ்ச்சியை நம்பித்தான் இருந்தது.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். “செங்கல்பட்டு கல்வி ஆபீசர் நாளைக்குக் காலையிலேயே ஜீப்ல வந்துடுவாராம். தயாராம்மா?”

“கடலுக்குப் போற வூட்டுப் புள்ளைங்க சார். வாயைப் பொளக்கவே மாட்டேங்குதுங்க.”

“பொளக்க வைம்மா. இல்லேன்னா நம்ம ரெண்டு பேரும் தொலைஞ்சோம்.”

அவர் போனதும், கண்ணாடி டம்ளரில் உப்பு கரைத்து வைத்திருந்த தண்ணீரில் முட்டையை மறுபடி போட்டாள் வச்சலா. அது மிதந்தது.

மேலிடத்து விதிப்படி, நாளைய விஞ்ஞானப் பாடத்தின் நோக்கத்தைக் கரும்பலகையில் அவளே எழுதி வைத்திருந்தாள்:

‘உப்புநீரில் பொருள்கள் எளிதாக மிதக்கும் என்பதை, யாரும் சொல்லித் தராமல், மாணவர்கள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.’