அடி உயர்ந்த கிண்ணம்

“இன்னும் கொஞ்சம் உசத்தணும்மா” என்றார் நாராயணசாமி.

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது மாதிரிக் கிண்ணம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஸ் நடத்துகிறவர் நாராயணசாமி. கறிக்குழம்பு வைத்துக் கொடுக்க, போன வருஷம் செவ்வந்தியிடம் நாற்பது பீங்கான் கிண்ணம் வாங்கினார். விருத்தாசலத்திலிருந்து மண் வரவழைத்து, சக்கரத்தில் அவளே வனைந்து, பச்சை மெருகு பூசிச் சுட்டவை. அங்கே சாப்பிட்டவர்களில் சிலர் வீட்டுக்கும் வேண்டுமென்று பட்டறையைத் தேடி வந்தார்கள். அந்த நன்றிக்காகத்தான் இந்த மனுஷனை இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது இன்னும் இருபது வேண்டுமாம். வெளியே பார்த்தால் பழைய கிண்ணம் மாதிரியே இருக்க வேண்டுமாம். அதே உயரம், அதே வாய், அதே பச்சை. உள்ளே மட்டும் அடி உயர்ந்து, பாதிக் குழம்புதான் பிடிக்க வேண்டுமாம்.

சொல்கிறவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடியில் மண்ணை ஏற்றினால் சூளையில் விரிசல் விட்டுவிடும். முதல் மாதிரி அப்படித்தான் இரண்டாகப் பிளந்தது. அடுத்ததற்கும் அடியை ஏற்றி, கனம் குறையக் கவிழ்த்துவைத்துக் கீழ்ப்பக்கமாகக் குடைந்தாள். உயரம் போதாதென்று அவர் சொல்ல, மூன்றாவதை இன்னும் ஏற்றிக் குடைந்தாள். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். மெஸ்ஸிலிருந்து கையோடு கொண்டுவந்த கரண்டியால் அதில் தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டுத்தான், இன்னும் உசத்தச் சொல்கிறார்.

“பாரும்மா, ஒரு கரண்டி ஊத்தியும் இன்னும் எடம் இருக்குது. பழசு ரெண்டு கரண்டி புடிக்கும். இது ஒண்ணே ஒண்ணுதான் புடிக்கணும். ஊத்துனா ரொம்பினாப்புல இருக்கணும்.”

“இதுக்கு எதுக்குண்ணா இவ்ளோ பாடு? சின்னக் கிண்ணமா பண்ணித் தரேன். எனக்கும் வேலை கம்மி, உங்களுக்கும் வெல கம்மி.”

“சின்னது வாணாம்மா. பாக்க பெருசாதான் இருக்கணும்.”

“அதான் இன்னாத்துக்குன்னு கேக்குறேன்.”

நாராயணசாமி அந்தப் பக்கம் மண் பிசைந்துகொண்டிருந்த வேலையாட்கள் மாயவனையும் கொளஞ்சியம்மாளையும் ஒருமுறை பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்மா. ஒன்ன நம்பிக்கினு இருக்கேன்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

“பாத்தியா கொளஞ்சி, வாயத் தொறக்கல பாரு” என்று பொரிந்தாள் செவ்வந்தி. “பழைய கிண்ணத்தோட இதையும் கலந்துடுவாரு. ஏமாந்தவன் எலைக்கு இது போவும். ரெண்டு கரண்டிக்கு உண்டான காச வாங்கிக்கினு ஒரு கரண்டி ஊத்துவாரு. நல்லா இருக்குது அவரு நாயம்.”

கொளஞ்சியம்மாள் மண்ணைப் புரட்டிப் போட்டாள்.

ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ‘செ’ என்று கீறுவது செவ்வந்தியின் வழக்கம். நாளைக்குக் குட்டு உடைந்தால் ஊர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்கும். யார் செய்தது என்று கேட்கும். எட்டு வருஷம் நெருப்பில் வெந்து சம்பாதித்த பேர், இந்தக் கஞ்சப் பிசினாரியின் குழம்பில் கரைய வேண்டுமா என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் மாதிரிக் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கே போய்விட்டாள். அப்போதுதான் நாலைந்து பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாராயணசாமி கல்லாவில் இருந்தார். கிண்ணத்தை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“வேற ஆளப் பாத்துக்கோங்கண்ணா. சனங்கள ஏமாத்துற கிண்ணத்துல என் பேரக் கீற முடியாது.”

எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள்.

“மெதுவா பேசும்மா.”

“ஏன், மடியில கனமா?”

நாராயணசாமி பதறி எழுந்து, கிண்ணத்தை அவள் கையிலேயே திணித்து அவளைச் சமையற்கட்டுக்குள் அழைத்துப் போனார். அங்கே சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“ஃபுல் கறி ஒன் கிண்ணத்துல குடுக்குறோம். அரைக் கறி இதுல. பாதி வெலைதான். ஃபுல்லு வாங்க முடியாதவங்க அரை வாங்கிக்கறாங்க.”

“அதுக்கு?”

“முன்ன எல்லாமே எவர்சில்வரு. யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒன் பச்சைக் கிண்ணம் வந்ததுலருந்துதான் வம்பு. பக்கத்து எலையில அது, இவங்க எலையில இத்துனூண்டு. யாரு அரை வாங்குனாங்கன்னு கடைக்கே தெரிஞ்சிடுது. போன வாரம் ஒரு பொம்பள சம்மந்தி வூட்டாரக் கூட்டிக்கினு வந்துச்சு. அவங்களுக்கு ஃபுல்லு சொல்லிட்டு, தனக்கு அரை. அவங்க அந்தக் கிண்ணத்தப் பாத்த பார்வையில, பாவம், அது கறியத் தொடவே இல்ல.”

செவ்வந்தி கையிலிருந்த மாதிரிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் இறங்கிவிட்டது. எரிச்சல் மட்டும் இறங்கவில்லை.

“இதை நேத்தே பட்டறையில சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லண்ணா? நான் இப்படி வாய்க்கு வந்ததெல்லாம் பேசிக்கினு வந்திருப்பேனா?”

நாராயணசாமி குரலை இன்னும் தாழ்த்தினார்.

“அங்க வெச்சு எப்படிம்மா சொல்றது? மாயவனும் கொளஞ்சியும் இருந்தாங்க. ஒங்கிட்ட சம்பளம் வாங்குற அன்னிக்குக்கூட அவங்க ரெண்டு பேரும் எங்கிட்ட அரைதாம்மா வாங்குறாங்க.”