எட்டு வருட வெயில்

எழுத்துகள் உரிந்து வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை.

இவர் பிளேடைக் கீழே வைத்தார். பிக்கப் வண்டியின் முன்பம்பரில் ஒட்டியிருந்த, வெளுத்துப்போன சிவப்பு ஸ்டிக்கர் துண்டு துண்டாக வாசல் மண்ணில் கிடந்தது. பம்பரில் இன்னமும் தாரணி என்று இருந்தது. பக்கத்தில் மிருதுளா. இவருடைய இரண்டு பெண்கள்.

எட்டு வருட வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்துப் போயிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே, வண்டி வாங்கின அன்றைக்கு இருந்த அதே கறுப்பு. முன்பாவது கிட்டே வந்தால்தான் படிக்க முடியும். இப்போது ரோட்டிலிருந்தே தெரிந்தது.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பசை போயிற்று. பெயர் இன்னும் தெளிந்தது.

மணி ஏழு. பதினொன்றுக்கு ஓசூரிலிருந்து மிருதுளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஒரே பெண் என்று அவர்களிடம் சொல்லியிருந்தது. சொன்னவர் சென்னியப்பன் மச்சான், இவருடைய மனைவிக்கு அண்ணன்.

மூத்தவள் தாரணி போன தை மாதம் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். எட்டாம் நாள் மச்சான் அவளைத் தலைமுழுக இவரை ஆற்றுக்கு அழைத்துப் போனார். எள் வாங்கி வந்ததும் அவர்தான். மூன்று முழுக்குப் போட்டு எழுந்தபோது காதுக்குள் தண்ணீர் போயிருந்தது. இவருக்கு அது மட்டும்தான் ஞாபகம்.

வீட்டிலிருந்த அவள் போட்டோக்களை மச்சானே இறக்கினார். வண்டியை யாரும் நினைக்கவில்லை. நேற்றுப் பொழுது சாயத்தான் அவர் கண்ணில் பட்டது. ஒன்றை மட்டும் எடுத்தால் வெற்றிடம் கேள்வி கேட்கும், இரண்டையும் உரித்துவிடுங்கள் என்றார்.

இன்று காலையில் மச்சான் வந்து, உரித்த பிறகும் நிற்கிற பெயர்களைப் பார்த்தார். வண்டியைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று யோசித்தார். சொந்த வண்டி வைத்திருக்கிற வீடு என்று சொல்லித்தானே வரவழைத்தது, வாசலில் நிற்கத்தான் வேண்டும் என்று தாமே முடிவுக்கு வந்தார். பெயிண்ட் அடிக்கிறவனைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டார்.

பதினொன்றுக்குள் காயாது, வாசம் அடிக்கும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் இவர்.

இவர் வேலையை வரிசையாகச் செய்தார்.

ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பாக்கெட் ஷாம்பு. பழைய பல் பிரஷ். பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் அடைந்திருந்த தக்காளிச் சாறு, மார்க்கெட் சேறு, பூச்சிகளின் இறக்கை. பிறகு நல்ல தண்ணீர். பிறகு காய விட்டார். ஈரத்தில் எண்ணெய் பிடிக்காது.

பனியன் துணியில் தேங்காய் எண்ணெய்.

முதலில் சக்கரத்தின் மேல் வளைவுகள். கதவுப் பட்டைகள். பக்கக் கண்ணாடிகளின் முதுகு. துணி போன இடமெல்லாம் கறுத்தது.

கடைசியில் பம்பர்.

எழுத்துக்கு எண்ணெய் வேண்டியதில்லை. சுற்றியிருப்பது கறுத்தால் போதும். துணியை விரல் நுனியில் சுற்றிக்கொண்டார். 'தா'வின் உள்பக்கம். 'ர'வின் இடுக்கு. 'ணி'யின் சுழி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு.

சுழி முடிந்தபோது பெயர் இல்லை.

நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று சற்று நின்று பார்த்தார். வரவில்லை. அடுத்த பெயருக்குப் போனார்.

காபி கொண்டுவந்த மிருதுளா, நான் எங்கே ஓடிப்போனேன், என்னையும் ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

மச்சான் ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தார். இடப்பக்கம் நின்று, வலப்பக்கம் நின்று, குனிந்தும் பார்த்தார்.

"புது வண்டியாட்டம் ஆயிப்போச்சுங்க மாப்பள. அப்படியே உங்க மூஞ்சிக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துக்குங்க."

ஓசூர்க்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பெண் பார்த்து முடித்து வெளியே வந்த மாப்பிள்ளையின் அப்பா செருப்பை மாட்டியதும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். எத்தனை வருடம் என்றார். எட்டு என்றதும் நம்பவில்லை. ஒரு வண்டியையே இப்படிப் பார்த்துக்கொள்கிறவர் பெற்ற பிள்ளையை எப்படிப் பார்த்திருப்பார் என்று தன் மனைவியிடம் சொன்னார்.

இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எல்லாம் பிடித்திருந்தது. அடுத்து வருவது புரட்டாசி, ஆகாது. நிச்சயத்தை ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம், நாற்பது பேர் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சான் உள்ளே உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்.

வசந்தாமணி வெளியே வந்தாள். ஏழு மாதமாக மூத்தவள் பெயரைச் சொல்லாத மனைவி. பம்பர் முன்னால் நின்றாள். ஒரு விரலால் தொட்டாள். மோந்து பார்த்தாள்.

"தேங்காண்ணெயுங்களா?"

தலையாட்டினார்.

"மழைக்கு நிக்காதுங்களே."

"நிக்காது."

ஐப்பசிக்கு எத்தனை நாள் என்று எண்ணுவது போல அவள் உதடுகள் அசைந்தன. விரலில் இருந்த எண்ணெயைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

"மழையில வெளிய வந்தா, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க."

சொல்லிவிட்டு, அண்ணனுக்குக் கேட்டிருக்குமோ என்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.