நாடாவுக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டு மருந்தை நம்பிக் கிடந்தது போதும் என்று அரசு கட்டிய முதல் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில், காலையில் கட்டிய சிவப்பு நாடா மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தியபடி கால் கடுக்க நிற்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர். பத்து மணிக்கு வரவேண்டிய அமைச்சரைப் பதினொன்றரைக்கும் காணோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆராய்ச்சிக்காரப் பெண் மூன்றாம் முறையாக ஓடி வருகிறாள். கையில் இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த புட்டி. "சார், உள்ள மூணு வாரமா வளர்க்கிற உயிர் செல்லுங்க இருக்கு. இதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு, இப்ப ஊத்தலைன்னா செத்துடும்." "நாடா வெட்டாம ஈ காக்கா உள்ள போகக்கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு." "பசிக்கு உத்தரவு தெரியுமா சார்?" அவர் இரண்டு பக்கமும் பார்க்கிறார். இரண்டே விரலால் நாடாவைத் தூக்கிப் பிடிக்கிறார். அவள் குனிந்து நுழைகிறாள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து, "சார், வந்து பாருங்களேன்!" தட்டு சாயாமல் அவரும் குனிந்து நுழைகிறார். நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்தில் ஒரு செல் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. "கொஞ்ச நேரத்துல ரெண்டாயிடும் சார்." அவருக்கு வாயெல்லாம் பல். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். அடித்துப் பிடித்துக்கொண்டு நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து, மூச்சு வாங்கத் தட்டை நீட்டுகிறார். "லேட்டாயிடுச்சு," என்கிறார் அமைச்சர், கத்தரிக்கோலை எடுத்தபடி. "உள்ள எல்லாம் தயாரா?" "தயாரா! அங்க குடித்தனமே நடக்குதுங்கய்யா."