ஒன்றரை வருடக் கறை

"கறை பூரா போயிட்ச்சும்மா" என்று பீங்கான் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டினாள் சொர்ணம். புஷ்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் போச்சு? நல்லாப் பாரு, ஓரத்துலயாவது கொஞ்சம் ஒட்டியிருக்கா?"

"ஒண்ணும் இல்ல. டீத்தூளு, மஞ்சா, புளி, இன்னா தடவுனாலும் வழுக்கிக்கினு போவுது. அல்லாரும் கறையை எடுக்கச் சொல்வாங்க, நீ ஒருத்திதாம்மா ஏத்தச் சொல்ற."

சொர்ணம் புஷ்பத்தின் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு வேலையை அவள் பார்த்ததில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் மருமகள் சரண்யா கனமான இரண்டு பீங்கான் பாத்திரங்களும், அவற்றை வைத்துச் சமைக்க ஒரு ஓவனும் வாங்கித் தந்திருந்தாள். புஷ்பத்தின் கணவர் நல்லசிவத்துக்கோ தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அந்த வீட்டில் பீங்கானை யார் சீந்துவார்கள்? ஓவன் அப்பளக் கட்டு வைக்கிற அலமாரியாயிற்று. பாத்திரங்கள் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போயின.

போன ஞாயிற்றுக்கிழமை, அசோக் நகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பும்போது சரண்யா வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.

"நான் வாங்கித் தர்ற எதையும் நீங்க தொடறதில்ல அத்தை. என்னை வேண்டாதவளாத்தானே வச்சிருக்கீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து கயலை ஆபீஸ் பக்கத்துல காப்பகத்துல விட்டுக்கறேன்."

பேத்தி கயலுக்கு இரண்டு வயது. அம்மா ஆபீசில் இருக்கும் பகல் முழுக்க அது புஷ்பத்தின் இடுப்பில்தான் இருக்கும். அது இல்லாத பகலை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்று பதினோரு மணிக்குக் கிண்டி ஆபீசிலிருந்து சரண்யா போன் செய்தாள். எடுத்ததும் ஒரே கேள்வி.

"அத்தை, அந்தப் பீங்கான் செட்டை யூஸ் பண்றீங்களா?"

பரீட்சை வைக்கிறாள் என்று புஷ்பத்துக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். உள்ளே, அந்தப் பாத்திரத்தில் என்னென்ன செய்யலாம் என்று படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே அடுக்கினாள்.

"என்னம்மா இப்படிக் கேக்க? தினமும் அதுலதான். காய் சுடுதேன், சேமியா வேக வைக்கேன், தயிருக்கு உறை ஊத்துதேன். கயலுக்குப் பருப்புச் சாதங்கூட அதுலதான் பிசையுதேன்."

"பாத்திரத்தோட அடியில ஒரு நம்பர் இருக்கும், படிங்க" என்றாள் சரண்யா.

வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டோமா என்று சோதிக்கிறாள் போலிருக்கிறது. நல்லவேளை, நம்பர் இருந்தது. புஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நான் இப்பவே வர்றேன்" என்று சரண்யா வைத்துவிட்டாள்.

கிண்டியிலிருந்து வர, நெரிசலோடு ஒரு மணி நேரம் ஆகும். அதில் இருபது நிமிஷம் டீத்தூளிலும் புளியிலும் போய்விட்டது. பாத்திரம் இன்னும் கடையில் இருப்பது போலவே பளபளத்தது.

"எண்ணெயைத் தடவி அந்த அப்பளப் பொட்டில வெச்சு நல்லா காய விடும்மா" என்றாள் சொர்ணம். "எங்கூட்டு தோசக்கல்லு அப்டித்தான் கர்ப்பாச்சு."

அப்பளக் கட்டுகள் வெளியே வந்தன. எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் பூசி இரண்டையும் உள்ளே தள்ளி, ஓவனின் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பினாள் புஷ்பம். புகை கிளம்பியது. உள் அறையில் கயல் தூக்கத்தில் இருமினாள். புஷ்பம் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கைகூப்பினாள்.

"திருச்செந்தூர் முருகா, இந்த ஒரு பொய்யை மட்டும் காப்பாத்திக் குடு. பிள்ளையை என்கிட்ட இருந்து பிரிச்சிராத."

அரை மணியில் ஓரங்களில் பழுப்பு ஏறிவிட்டது. அவசரத்தில் சின்னதைக் குழாய்த் தண்ணீரில் காட்டியதும் 'டப்' என்று விரிசல் விட்டது.

"போச்சு" என்றாள் சொர்ணம்.

"போகட்டும். விரிசல் இருந்தாத்தான் பழசுன்னு நம்புவா."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சரண்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். நேரே சமையலறைக்கு வரவில்லை. தூங்குகிற குழந்தையை வாரியெடுத்து, கண் இமையைப் பிரித்துப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். அப்புறம்தான் இடுப்பில் குழந்தையோடு வந்து மேடையில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தாள்.

சின்னதன் பழுப்பேறிய ஓரத்தை விரலால் தடவினாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

ஜெயித்துவிட்டோம் என்று புஷ்பத்துக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு பாசமானவளையா இத்தனை நாள் ஏங்க வைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"கயலுக்கு எத்தனை நாளா இதுல குடுக்கறீங்க?"

"நீ வாங்கிட்டு வந்த நாள்ல இருந்தேம்மா. ஒரு நாள்கூடத் தவறல. வேணும்னா சொர்ணத்தைக் கேளு."

சொர்ணம் தலையைத் தலையை ஆட்டினாள்.

"கிளம்புங்க அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்த நம்பர் போட்ட செட்டோட பூச்சுல விஷம் இருக்குன்னு கம்பெனியே திருப்பிக் கேக்குது."