கொசு அடிக்கும் கோல்கீப்பர்

கிழவன் இரண்டு உள்ளங்கைகளையும் பட்டென்று சேர்த்து, கொசு அடிப்பது போல் பந்தைப் பிடித்தான் என்று தங்கை எழுதியிருந்தாள்.

அண்ணன் அந்த வரியை மறுபடி படித்தான். படிக்கப் படிக்கத் தலை சூடேறியது.

கிழவன் அவனுடைய கோல்கீப்பர், கணினி ஆட்டத்தில். கால்பந்து அணி ஒன்றை நிர்வாகம் செய்கிற ஆட்டம் அது. ஆளை வாங்கலாம், விற்கலாம், யார் எங்கே நிற்பது என்று சொல்லலாம். பந்தை மட்டும் உதைக்க முடியாது. ஆட்டம் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்று, அணியிலேயே மூத்தவனுக்குக் கிழவன் எனப் பெயர் சூட்டியதே தங்கைதான்.

அறைக்குள் உட்கார்ந்து அண்ணன் ஆடுவான். முடிவைப் போனில் அனுப்புவான். கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் தடுத்தார் என்று ஆட்டம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். தங்கை அதற்கு மழை பெய்ய வைத்து, கூட்டத்தைக் கத்த வைத்து, கிழவனுக்குக் கோபக்கார மாமியார் ஒருத்தியையும் கொடுத்து, இணையத்தில் தொடராகப் போட்டுவிடுவாள். வாராவாரம் காத்திருந்து படிக்க ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது.

எல்லாம் சரிதான். கால்பந்துதான் அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வரவில்லை.

போன வாரம் த்ரோ-இன்னில் வந்த பந்துக்கு, விதியிலேயே இல்லாத ஆஃப்சைடு கொடுத்தாள். அதற்கு முந்தின வாரம் கிழவன் நடுவட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், நடுவர் கைதட்டினார்.

இத்தனைக்கும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம் இருக்கிறதே, அதன் பொடி எழுத்தைப் பிழை பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. அங்கே ஒரு புள்ளி தப்பாது. வீட்டுக்கு வந்தால் இந்த லட்சணம்.

போடுவதற்கு முன் அவனுக்கு அனுப்புவாள், அவன் திருத்தி அனுப்புவான். அவளும் சரி சரி என்பாள். அடுத்த வாரம் அதைவிட மோசமாக ஒன்று வந்து நிற்கும்.

அவனும் கோல்கீப்பர்தான். முட்டி பிய்ந்து, இனி மைதானம் பக்கமே போகாதே என்று டாக்டர் சொன்ன அன்று அறைக்குள் போனவன். குளிக்க வருவான், அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து. சாப்பாட்டை அம்மா அறைக்கே கொண்டுபோனாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன அப்பா, கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அவனுக்கென்று மிச்சம் இருந்தவன் கிழவன் ஒருவன்தான்.

அவனையும் இவள் கோமாளியாக்கிவிட்டாள். அதுவும் இறுதிப் போட்டியில்.

சாப்பிட்டு முடித்ததும் போட்டுவிடப் போகிறேன் என்று கீழே ஒரு வரி வேறு.

போடாதே என்று அனுப்பினான். அவள் பார்க்கவில்லை. அழைத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தொண்டை கிழியக் கத்தினான். ஒன்றும் காதில் விழவில்லை, எதுவானாலும் இங்கே வந்து சொல் என்று தங்கையின் பதில் போனில் வந்தது.

ஊன்றுகோலை எடுத்தான்.

அப்பா, அம்மா, தங்கை மூவரும் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். கதவு திறந்ததும் அப்பா மெல்லுவதை நிறுத்தினார். அம்மா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். அவன் எதையும் கவனிக்கவில்லை.

நேராகத் தங்கையிடம் போய்ப் பொரிந்து தள்ளினான். அப்படி அடித்தால் பந்து கைக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போய் மூக்கை உடைக்கும். கை பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். கட்டைவிரல் இரண்டும் ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். பிடித்த வேகத்தில் நெஞ்சோடு அணைக்க வேண்டும். காற்றிலேயே நாலு முறை பிடித்துக் காட்டினான். ஊன்றுகோலை எங்கே வைத்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

தங்கை பேந்தப் பேந்த விழித்தாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதாண்ணா. பந்து கைக்கு வந்தாப் போதாதா?"

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மேஜையில் இருந்த ஆரஞ்சு ஒன்றை எடுத்து, எங்கே பிடி பார்க்கலாம் என்று அவள் தலைக்கு மேலே வேகமாக விட்டெறிந்தான்.

தங்கை எழுந்தாள். இரண்டு கைகளும் சேர்ந்தாற்போல் மேலே போயின. கட்டைவிரல்கள் ஒட்டியிருந்தன. பழம் சத்தமே இல்லாமல் விரல்களுக்குள் அடங்கி, நெஞ்சுக்கு இறங்கியது.

ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. கை தவறியது போலப் பழத்தைக் கீழே விட்டாள்.

அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

சின்ன வயதில் வீட்டுச் சுவரோரம் நின்று, வேண்டாவெறுப்பாக இவள் தனக்குப் பந்து எறிந்தது அவனுக்கு எப்போதும் நினைவிருந்தது. பிடித்த ஒவ்வொரு பந்தையும் இவளுக்குத் திருப்பி எறிந்தவன் தான்தான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பழம் உருண்டுபோய் நான்காவது நாற்காலியின் காலில் முட்டி நின்றது. அந்த நாற்காலிக்கு முன்னால் மேஜையில் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா அதை நிமிர்த்தி வைத்தாள்.

அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அடுத்த வாரத்துக்கு என்ன தப்பு வச்சிருக்கே?" என்று தங்கையைக் கேட்டபடி நாற்காலியை இழுத்தான்.